நாலு பேர் என்ன சொல்வார்கள்? குடும்ப மானமும் மார்க்கம் கேட்கும் நான்கு சாட்சிகளும்

2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டையில் கவின் செல்வகணேஷ் என்ற 27 வயது மென்பொருள் பொறியாளர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். பட்டியல் சாதியைச் சேர்ந்த அவர் வேறு சாதிப் பெண்ணுடன் பழகியதே காரணம் என்று புகார் எழுந்தது. பெண்ணின் சகோதரர் கைதானார். அவருடைய பெற்றோர் இருவரும் காவல்துறையில் உதவி ஆய்வாளர்கள் என்ற செய்தி தமிழகத்தையே அதிர வைத்தது. அதற்குப் பின் எழுந்த குரல்களின் விளைவாக, ஆணவக் கொலைகளைத் தடுக்கத் தனிச் சட்டம் கொண்டுவருவது பற்றிப் பரிந்துரைக்க ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று அக்டோபர் மாதம் சட்டமன்றத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார்.

இந்தச் செய்திகளைப் பேசும்போது நம் மஹல்லாக்களில் ஒருவித நிம்மதி தெரிகிறது. "அது சாதி பார்ப்பவர்களின் பிரச்சினை. நம்மிடம் சாதி கிடையாது, ஆகவே ஆணவக் கொலையும் கிடையாது" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறோம். அந்த நிம்மதிக்கு நாம் உரியவர்கள்தானா என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

சட்டம் எங்கே நிற்கிறது?

விருத்தாசலம் அருகே 2003 ஜூலையில் கொல்லப்பட்ட கண்ணகி, முருகேசன் தம்பதியரின் வழக்கை எடுத்துக்கொள்வோம். சாதி மாறித் திருமணம் செய்த அந்த இளம் தம்பதியருக்கு ஊரார் முன்னிலையில் விஷம் புகட்டப்பட்டது. உடல்கள் எரிக்கப்பட்டன. வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறையிடம் போய், கடலூர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2021 செப்டம்பரில். பெண்ணின் சகோதரருக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனையை 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2025 ஏப்ரலில். கொலைக்கும் இறுதித் தீர்ப்புக்கும் இடையே ஏறத்தாழ 22 ஆண்டுகள். தண்டிக்கப்பட்டவர்களில் காவல்துறையினரும் இருந்தார்கள் என்பது கவனிக்க வேண்டிய செய்தி.

இன்று இத்தகைய கொலைகளில் பெரிதும் கைகொடுப்பது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். ஆனால் பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்தவராகவும், குற்றவாளி அப்படி இல்லாதவராகவும் இருந்தால்தான் அது பொருந்தும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 103ஆவது பிரிவில் சாதி, சமூகம் போன்ற காரணங்களுக்காகக் கூட்டாகச் செய்யும் கொலைக்குத் தனி உட்பிரிவு உண்டு. அதற்கு ஐந்து பேராவது சேர்ந்திருக்க வேண்டும். அண்ணன் ஒருவனே அரிவாள் எடுத்தால் அது சாதாரணக் கொலை வழக்காகவே நடக்கும்.

2012இல் மத்தியச் சட்ட ஆணையம் தன் 242ஆவது அறிக்கையில், திருமண விருப்பத்தில் தலையிடுவதையும் மிரட்டுவதையும் கூடக் குற்றமாக்கும் சட்ட வரைவைத் தந்தது. ராஜஸ்தான் சட்டமன்றம் 2019 ஆகஸ்டில் அதை ஒட்டி ஒரு மசோதாவை நிறைவேற்றியது. மாவட்டந்தோறும் தனிப் பிரிவு அமைத்து இத்தகைய தம்பதியரைப் பாதுகாக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016இலும், சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சிலும் உத்தரவிட்டன. வயது வந்த இருவரின் சம்மதம் இருந்தால் குடும்பமோ ஊரோ சாதியோ குறுக்கே நிற்க முடியாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

சட்டத்தின் பார்வை பெரும்பாலும் கடைசிப் படியில்தான் விழுகிறது. கொலைக்கு முன்னால் பல படிகள் இருக்கின்றன. அந்தப் படிகளில் நாமும் நிற்கிறோமா?

துவரங்குறிச்சியில் நடந்தது

திருச்சியிலிருந்து மதுரைக்குப் போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது துவரங்குறிச்சி. முஸ்லிம்கள் கணிசமாக வாழும் சிற்றூர். அங்கே 1968இல் பிறந்த ஒரு பெண், பள்ளியில் படிக்கும்போது தோழிகளுடன் ஒருநாள் பகல் காட்சிக்குப் போனார். செய்தி ஊருக்குள் பரவியது. ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதன்பின் பல ஆண்டுகள் வீட்டுக்குள்ளேயே கழிந்தன. திருமணத்திற்குப் பிறகும் யாருக்கும் தெரியாமல் இரவில் எழுதினார். எழுதியது அவர்தான் என்று தெரிந்தால் குடும்பத்திற்குக் கெட்ட பெயர் வரும் என்பதால் புனைபெயரில் எழுதினார். அந்தப் பெயர்தான் சல்மா.

2001 உள்ளாட்சித் தேர்தலில் பொன்னம்பட்டி பேரூராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது அவர் போட்டியிட்டு வென்றார். பின்னர் சமூக நல வாரியத் தலைவரானார். 2025 ஜூலையில் மாநிலங்களவை உறுப்பினராகப் பதவியேற்றார். அவருடைய 'இரண்டாம் ஜாமங்களின் கதை' நாவல் வெளிவந்தபோது நம்மவர்களில் பலருக்கு அதில் உடன்பாடு இல்லை. அவருடைய எழுத்து முழுவதையும் நாம் ஏற்க வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. அவரது இளமைக்கால நிகழ்ச்சி நம் ஊர்களைப் பற்றி என்ன சொல்கிறது என்பதைத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

சினிமாவுக்குப் போனது தவறு என்றே வைத்துக்கொள்வோம். அந்தத் தவறுக்குப் படிப்பை நிறுத்தச் சொன்னது எந்த மார்க்கச் சட்டம்? அதே கொட்டகையில் அன்று ஆண்களும் இருந்திருப்பார்கள். அவர்களில் எத்தனை பேரின் படிப்பு நின்றிருக்கும்? இரண்டாவது கேள்விக்கான பதில் நம் எல்லோருக்கும் தெரியும். தண்டனைக்குக் காரணம் தவறு மட்டுமே என்றால் அது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாக இருந்திருக்கும். ஊர் பேசிவிட்டது என்பதே அங்கே காரணம்.

அது பழைய காலம், இன்று திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியிலும் ஐமான் மகளிர் கல்லூரியிலும் நம் பெண்கள் பட்டம் வாங்குகிறார்கள் என்று சொல்லலாம். உண்மைதான், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் கைப்பேசியில் யாரோடோ பேசினாள் என்ற ஒரு வதந்தி போதும், இரண்டாம் ஆண்டோடு படிப்பு நிற்பதற்கும் அவசர அவசரமாக ஒரு மாப்பிள்ளை பார்ப்பதற்கும். கொட்டகை போய்க் கைப்பேசி வந்திருக்கிறது.

பெற்றோரின் பயம் வெறும் கற்பனை அல்ல

இங்கே பெற்றோரை மட்டும் குற்றம் சொல்வது எளிது. அவர்களின் பயம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். திருச்சி இன்று மாநகராட்சி. ஸ்ரீரங்கமும் அதற்குள் அடங்கியதுதான். ஆனாலும் பாலக்கரையோ, ஆழ்வார்தோப்போ, உத்திர வீதியோ, சித்திரை வீதியோ, அந்தந்தத் தெருவுக்குள் நுழைந்தால் வாழ்க்கை சிற்றூர் வாழ்க்கைதான். யார் வீட்டுக்கு யார் வந்தார், எந்தப் பெண் எத்தனை மணிக்குத் திரும்பினாள் என்பது தெருவுக்குத் தெரியும்.

பெண் கேட்டு வருபவர்கள் முதலில் பெண்ணின் வீட்டுக்கு வருவதில்லை. தெருமுனைக் கடையில், பக்கத்து வீட்டில், பள்ளிவாசலில் விசாரிக்கிறார்கள். "குடும்பம் எப்படி?" என்ற அந்தக் கேள்விக்கு யாரோ ஒருவர் தோளைக் குலுக்கினால் போதும், சம்பந்தம் கலைந்துவிடும். மூத்தவளைப் பற்றிய ஒரு சொல் அவளுக்குப் பின் இருக்கும் தங்கைகளின் திருமணத்தையும் தடுக்கும். வெளிநாட்டில் உழைக்கும் தகப்பன் பத்து ஆண்டுகள் சேர்த்த பணம் செய்ய முடியாத வேலையை அந்தக் குடும்பத்தின் நல்ல பெயர் செய்யும். அதனால்தான் பெயரைக் காக்க எதையும் செய்யத் துணிகிறார்கள். படிப்பை நிறுத்துவதும், அடைத்து வைப்பதும், பிடிக்காத இடத்தில் கட்டிக்கொடுப்பதும் ஒரே பயத்தின் அடுத்தடுத்த படிகள். அந்தப் பயம் முற்றிய இடத்தில் கொலையும் நடக்கிறது.

2022 மே மாதம் ஹைதராபாத் சரூர்நகரில் ஒரு முஸ்லிம் பெண்ணை மணந்த நாகராஜு என்ற தலித் இளைஞர் நடுச்சாலையில் மனைவியின் கண்முன்னே கொல்லப்பட்டார். கைதானவர் அந்தப் பெண்ணின் சகோதரர். மஜ்லிஸ் கட்சித் தலைவர் அசதுத்தீன் உவைசி அந்தக் கொலையை அரசியல் சாசனப்படியும் இஸ்லாத்தின்படியும் குற்றம் என்று வெளிப்படையாகக் கண்டித்தார். பாகிஸ்தானில் கந்தீல் பலோச் 2016இல் தன் சகோதரனால் கொல்லப்பட்ட பிறகு, மானத்தின் பெயரால் கொன்றவனைக் குடும்பமே மன்னித்து விடுவிக்கும் வழியை அடைக்கச் சட்டத்தைத் திருத்தினார்கள். சாதி இல்லாத இடத்திலும் இந்த நோய் பரவும் என்பதற்கு இவையே சான்று.

பெயர் கெடும் என்ற பயம் உண்மையானது என்றால், பெற்றோருக்கு மட்டும் உபதேசம் செய்து பயனில்லை. அந்தப் பெயரைக் கெடுப்பவர்கள் யார் என்று கேட்க வேண்டும். விசாரிப்பவர், பதில் சொல்பவர், கேட்டதைப் பரப்புபவர் ஆகிய மூவரிடமும் மார்க்கம் பேசுகிறது.

மார்க்கம் யாரிடம் சாட்சி கேட்கிறது?

"நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்பது நம் ஊர்ப் பேச்சு. அல்லாஹ்வும் நான்கு பேரைப் பற்றிச் சொல்கிறான். கற்புள்ள பெண்ணின் மீது பழி சுமத்துபவர் நேரில் கண்ட நான்கு சாட்சிகளைக் கொண்டுவர வேண்டும். கொண்டுவராவிட்டால் பழி சொன்னவருக்குக் கசையடி, அதன்பின் அவருடைய சாட்சியம் எங்கும் ஏற்கப்படாது என்று சூரத்துந் நூர் (24:4) விதிக்கிறது. இதை எத்தனையோ முறை ஓதியிருக்கிறோம். இந்தச் சட்டம் சுமையை யார் தலையில் வைக்கிறது என்று கவனியுங்கள். தன் ஒழுக்கத்தை நிரூபிக்கும்படி பெண்ணிடம் கேட்கவில்லை. பேசுகிறவனிடம்தான் ஆதாரம் கேட்கிறது. நம் தெருவிலோ நாலு பேர் பேசினால் அதுவே ஆதாரமாகிவிடுகிறது, தண்டனை பெண்ணுக்குப் போகிறது.

ஸஅத் இப்னு உபாதா (ரலி) அவர்கள் ரோஷத்திற்குப் பெயர் பெற்ற நபித்தோழர். தன் மனைவியோடு அந்நிய ஆணைக் கண்டால் நான்கு சாட்சிகளைத் தேடும்வரை பொறுத்திருக்க வேண்டுமா என்று அவர்கள் கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் ஆம் என்றே பதிலளித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இது பதிவாகியுள்ளது. ஸஅத் அவர்களை விட நபியவர்கள் ரோஷமுள்ளவர்கள், அல்லாஹ் அதனினும் ரோஷமுள்ளவன் என்பதும் ஹதீஸில் வருகிறது. அதாவது, ரோஷத்தின் உச்சம் அல்லாஹ்விடம் இருக்க, அந்த அல்லாஹ்வே வாளை எடுக்கச் சொல்லாமல் சாட்சியைக் கேட்கிறான். கண்ணால் கண்டவருக்கே இந்த விதி என்றால், காதால் கேட்டதை நம்பி மகளின் மேல் கை வைப்பவருக்கு என்ன இடம் இருக்கிறது?

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது மதீனாவில் அவதூறு பரவியபோது ஏறத்தாழ ஒரு மாத காலம் ஊர் பேசியது. நபிகளாரின் குடும்ப மானத்தை விடப் பெரிய மானம் எது? ஆனாலும் நபியவர்கள் விசாரித்தார்கள், ஆலோசனை கேட்டார்கள், பொறுத்திருந்தார்கள். இறுதியில் வஹீ வந்து அன்னையைத் தூய்மைப்படுத்தியது. அவதூறு பேசியவர்களே தண்டனை பெற்றார்கள். பேசியவர்களில் ஒருவரான மிஸ்தஹ் என்பவருக்கு அபூபக்ர் (ரலி) அவர்கள் தந்துவந்த உதவியை நிறுத்தப்போவதாகச் சத்தியம் செய்தபோது, மன்னிக்கும்படி வசனம் இறங்கியது (24:22). தன் மகளைப் பழித்தவனின் சாப்பாட்டைக் கூட நிறுத்த வேண்டாம் என்று மார்க்கம் சொல்லியிருக்க, ஒரு குடும்பத்தின் கல்யாணத்துக்கும் மையித்துக்கும் போகக் கூடாது என்று ஊர் விலக்கு செய்ய எந்த ஜமாஅத்துக்கு அதிகாரம் உண்டு?

திருமண விசாரணைக்கும் சுன்னாவில் வழிகாட்டல் இருக்கிறது. பாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்கள் தன்னைப் பெண் கேட்ட இருவரைப் பற்றி ஆலோசனை கேட்டபோது, ஒருவர் வசதியற்றவர், இன்னொருவர் தோளிலிருந்து தடியை இறக்காதவர் என்று நபியவர்கள் உள்ளதைச் சொல்லி, உஸாமா (ரலி) அவர்களை மணக்கச் சொன்னார்கள். அங்கே விசாரிக்கப்பட்டது மாப்பிள்ளைகள். பெண்ணைக் காப்பாற்றவே குறை சொல்ல அனுமதி கிடைத்தது. நாம் அதைத் தலைகீழாக்கி, பெண்ணைப் பற்றி ஊரெல்லாம் கேட்டுவிட்டு, மாப்பிள்ளையின் குடியும் கைநீட்டலும் தெரிந்தும் வாயை மூடிக்கொள்கிறோம்.

தன் அந்தஸ்தை உயர்த்திக்கொள்ளத் தகப்பன் தன்னை உறவுக்காரருக்குக் கட்டிவைத்ததாக ஒரு பெண் முறையிட்டபோது, முடிவை நபியவர்கள் அவளிடமே விட்டார்கள். அவளோ திருமணத்தை ஏற்றுக்கொண்டாள். ஆனால் தகப்பன்மாருக்கு இந்த அதிகாரம் இல்லை என்பதைப் பெண்கள் அறியவே கேட்டதாகச் சொன்னாள். குடும்ப கௌரவத்திற்காகப் பெண்ணைக் கட்டிக்கொடுப்பது அன்றே கேள்விக்குள்ளான செயல்.

"அப்படியானால் எதையும் கண்டுகொள்ளக் கூடாதா?"

இந்தக் கேள்வி நியாயமானது. பிள்ளைகள் மார்க்க வரம்பை மீறும்போது பெற்றோர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை. முஸ்லிம் பெண் மார்க்கத்திற்கு வெளியே திருமணம் செய்வதை நம் ஷரீஅத் ஏற்பதில்லை. அதைச் சொல்லும் உரிமையும் கடமையும் நமக்கு உண்டு. அறிவுரை சொல்லலாம், அழலாம், துஆ செய்யலாம், அந்த நிகாஹை நடத்திவைக்க மறுக்கலாம். ஆனால் மறுப்பது வேறு, கை ஓங்குவது வேறு. அடைத்து வைக்கவும் உயிருக்கு மிரட்டவும் எந்தத் தகப்பனுக்கும் அண்ணனுக்கும் அதிகாரம் தரப்படவில்லை. ஓர் உயிரை அநியாயமாகக் கொல்வது மனித குலத்தையே கொன்றதற்குச் சமம் என்ற வசனம் (5:32) மானத்திற்கு விதிவிலக்கு வைக்கவில்லை.

பெண் பிறந்த செய்தி கேட்டு முகம் கறுத்து மக்களிடமிருந்து ஒளிந்துகொண்ட அறியாமைக்கால மனிதனைக் குர்ஆன் படம் பிடிக்கிறது (16:58, 59). அவன் ஒளிந்தது மக்களின் பேச்சுக்குப் பயந்து. அந்தப் பயம்தான் அவனை மகளை மண்ணில் புதைக்கும் எண்ணத்திற்குக் கொண்டுபோனது. இன்றும் அதே பயம், இடம்தான் வேறு.

ஸ்ரீரங்கம் கோயிலில் துலுக்க நாச்சியார் சந்நிதி இருப்பதைத் திருச்சிக்காரர்கள் அறிவார்கள். டெல்லி சுல்தானின் மகள் அரங்கனைத் தேடி வீட்டை விட்டு வந்தாள் என்பது அவர்கள் சொல்லும் கதை. அங்கே ரொட்டி படைக்கிறார்கள். நம் அகீதாவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் ஒரு சமூகச் செய்தி அதில் இருக்கிறது. சமூகம் கடந்து வந்த பெண்ணைக் கதையில் கௌரவிக்கும் நம் தமிழ்ச் சமூகம், தன் வீட்டில் அப்படி ஒரு பெண் இருந்தால் என்ன செய்கிறது என்பதற்குக் கண்ணகி, முருகேசன் வழக்கே போதும். எனவே இது ஒரு சமயத்தாரின் பழி அல்ல. எல்லாரும் சேர்ந்து சரிசெய்ய வேண்டியது.

ஜமாஅத்துகள் செய்யக்கூடியவை

முதலாவதாக, நிகாஹ் தஃப்தரில் கையெழுத்து வாங்குவதற்கு முன், பெண்ணின் சம்மதத்தைத் தகப்பன் சொல்வதை வைத்து எழுதாமல், நம்பிக்கையான பெண்மணி ஒருவர் மூலம் தனியாகக் கேட்க வேண்டும். கன்ஸா பின்த் கிதாம் (ரலி) அவர்கள் விருப்பமில்லாத திருமணத்தை நபியவர்கள் ரத்து செய்தது புகாரியில் உள்ளது. அந்த ஹதீஸ் தஃப்தர் எழுதும் மேசைக்கும் வர வேண்டும்.

இரண்டாவதாக, மஹல்லாவில் படிப்பைப் பாதியில் விட்ட பெண் பிள்ளைகளின் கணக்கை எடுக்க வேண்டும். ஏன் நின்றது என்று பெற்றோரிடம் மரியாதையாகக் கேட்டு, ஊர்ப் பேச்சுதான் காரணம் என்றால் ஜமாஅத்தே அந்தப் பேச்சை நிறுத்தப் பொறுப்பேற்க வேண்டும்.

மூன்றாவதாக, அவதூறு பற்றி ஜும்ஆ மேடையில் பேச வேண்டும். பெண்களின் ஆடையைப் பற்றி எத்தனை பயான்கள் கேட்டிருக்கிறோம். அதில் பாதி அளவாவது ஆண்களின் நாவைப் பற்றிப் பேசியிருந்தால் பல வீடுகள் நிம்மதியாக இருந்திருக்கும். உலமாக்களாகிய எங்களுக்கே இதில் முதல் பொறுப்பு.

நான்காவதாக, உயிருக்கு மிரட்டல் என்று ஒரு பெண்ணோ இளைஞனோ வந்தால் ஜமாஅத் பஞ்சாயத்து பேசி அவர்களைக் குடும்பத்திடம் ஒப்படைக்கக் கூடாது. சமாதானம் என்று நம்பி அனுப்பப்பட்ட பிள்ளைகளுக்கு அதன்பின் என்ன நடக்கும் என்று உத்தரவாதம் தர யாராலும் முடியாது. காவல்துறைக்கும், பெண்கள் உதவி எண் 181க்கும், சிறார் என்றால் 1098க்கும் உடனே தகவல் தர வேண்டும்.

கடைசியாக, தனிச் சட்டம் பற்றிய விவாதத்தில் நம் அமைப்புகள் பார்வையாளர்களாக இருக்கக் கூடாது. கொலைக்கு மட்டுமல்லாமல், அதற்கு முன் நடக்கும் அடைத்து வைத்தல், மிரட்டல், கட்டாயத் திருமணம், ஊர் விலக்கு ஆகியவற்றுக்கும் சட்டத்தில் இடம் வேண்டும் என்று எழுத்து மூலம் கேட்க வேண்டும். அந்தச் சட்டம் நம்மையும் கட்டுப்படுத்தும் என்று தெரிந்தே கேட்க வேண்டும். அடுத்த சமூகத்தின் அநியாயத்தைக் கண்டிக்கும் தகுதி அப்போதுதான் நமக்கு வரும்.

ஒரு பெண்ணைப் பற்றி யாராவது வாய் திறக்கும்போது, "நீங்கள் பார்த்தீர்களா? இன்னும் மூன்று பேர் பார்த்தார்களா?" என்று கேட்கும் பழக்கம் நம் கடைத்தெருவிலும் பள்ளிவாசல் முற்றத்திலும் வர வேண்டும். அதற்குச் சட்டமும் வேண்டாம், ஆணையமும் வேண்டாம். அல்லாஹ் நம் நாவுகளையும் நம் பிள்ளைகளின் உயிர்களையும் பாதுகாப்பானாக.